ஒரு மணி தரிசனம்

புரட்டாசி பிறந்தால் காஞ்சிபுரத்துக் கோழிகளுக்குக் கொண்டாட்டம், நதியாவுக்குத் திண்டாட்டம். பிள்ளையார்பாளையத்தில் பிரியாணிக் கடை வைத்திருப்பவள் வேறு என்ன சொல்லுவாள்? பதினோரு மாதம் எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சித் துப்புகிற ஆண்கள், இந்த ஒரு மாதம் மட்டும் நெற்றியில் நாமத்தைச் சாத்திக்கொண்டு, கடையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போவார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வரும்.

இந்த வருடம் எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. மாஸ்டர் ராமராஜன் கெடு வைத்துவிட்டார். கடைக்கு வரும் கூட்டமெல்லாம் அவர் கைக்குத்தான். தனக்கு வெங்காயம் உரிக்க மட்டுமே வரும் என்று நதியாவே ஒத்துக்கொள்வாள். கல்யாண மண்டபங்களில் அண்டா அண்டாவாக இறக்கிய மனுஷன் அவர். பத்து கிலோ ஆக்கிப் பாதி மீந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பூந்தமல்லியில் ஏதோ ஓட்டலில் கூப்பிடுகிறார்களாம்.

"பத்து கிலோ பிரியாணி தேக்சா ஒரு நாளாவது காலியாவணும்மா. மூணாவது சனிக்கெழமைக்குள்ள ஆவலன்னா நான் கெளம்பறேன். மீந்ததைப் பார்த்துக்கினு என்னால நிக்க முடியல" என்றார்.

அவர் போனால் கடை போச்சு. சனிக்கிழமை ஈ காக்காய்கூட வராது என்பதால், உண்மையான கெடு அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான்.

கல்லூரியில் படிக்கும் மகள் திரிஷா ஒரு வழி சொன்னாள். போனில் ஒரு ஆப் இருக்கிறது. கடைக்கு வருகிறவர் அதில் செக்-இன் போட்டால், அவர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் மேப்போடு போய்ச் சேரும். போட்டதைக் காட்டுகிறவருக்கு ஒரு பிளேட் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் இலவசம். அதிகம் செலவில்லாத விளம்பரம் என்று நதியாவும் குஷியாகிவிட்டாள்.

முதலில் மாட்டியவர் ஜெராக்ஸ் கடை சிட்டிபாபு. பெருமாளுக்கு ஒரு மாத விரதம் என்று வேண்டிக்கொண்டு, ஹெல்மெட்டோடு பின்பக்கமாக நுழைந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற பக்திமான். செக்-இன் என்றதும் அவர் கையில் இருந்த லெக் பீஸைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அந்த ஆப்பில் பெண்டாட்டி மங்கையர்க்கரசி இருக்கிறாள், மாமியார் இருக்கிறாள், மச்சான்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். சிக்ஸ்டி ஃபைவ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குடும்பம் வேண்டும் என்று கெஞ்சினார்.

நதியா அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் என்னென்ன இடம் இருக்கிறது என்று ஆப் ஒரு பட்டியல் காட்டியது. அதில் அவள் கடைப் பேருக்கு மேலே, அடுத்த தெருப் பெருமாள் கோயில்.

"அப்ப கோயில்னே போடுங்க சார். கூடவே 'நல்ல தரிசனம்'னு எழுதுங்க. புரியறவனுக்குப் புரியும்" என்றாள்.

கடைப் பேரே இல்லாமல் இது என்ன விளம்பரம் என்று திரிஷா சண்டைக்கு வந்தாள். ஆனால் ஊர் ஆண்களுக்கு நன்றாகவே புரிந்தது. 'நல்ல தரிசனம்' என்றால் பிரியாணி ரெடி. 'திவ்ய தரிசனம்' என்றால் லெக் பீஸ் இன்னும் இருக்கிறது. இரண்டே வாரத்தில் பிள்ளையார்பாளையத்தில் பக்தி கரைபுரண்டு ஓடியது. மதியம் ஒரு மணியானால் பத்துப் பதினைந்து பேர் கோயிலில் இருப்பதாக ஆப் சொன்னது. தேக்சாவில் மிச்சம் ஐந்து கிலோவிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. நதியாவுக்கு உள்ளுக்குள் வேறொரு வலியும் இருந்தது. அத்தனை போனிலும் அவள் கடைப் பெயர் ஒன்றில்கூட இல்லை. சொந்தக் கடையைத் தானே ஒளித்து வைத்திருப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சிட்டிபாபு 'திவ்ய தரிசனம்' போட்டுவிட்டு இரண்டாவது பீஸைக் கையில் எடுத்த நேரத்தில், மங்கையர்க்கரசி வாசலில் வந்து நின்றாள். பின்னால் மகளிர் குழுப் பெண்கள் நான்கு பேர். சிட்டிபாபு ஹெல்மெட்டைத் தேடினார்.

"ஏங்க, ஒரு மணிக்கு எந்தக் கோயில்ல நடை தொறந்திருக்குது? உங்க வண்டி இந்தக் கடைக்குப் பின்னால இல்ல நிக்குது?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

கடை முழுக்க மெல்லுவதை நிறுத்தியது. பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால், சாயங்காலம்தான் திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற நதியாவுக்கு அது தெரியாததில் ஆச்சரியமில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆண்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, அதுதான் அதிசயம். கோயிலுக்குப் போயிருந்தால் அல்லவா தெரியும்?

தொலைந்தோம் என்று நினைத்தாள் நதியா. அடுப்படியில் ராமராஜன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்பதுபோல் கையைத் துடைத்துக்கொண்டார்.

மங்கையர்க்கரசி கத்தவில்லை. புருஷனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க வேண்டுதலுக்காக மூணு வாரமா பூண்டு, வெங்காயம் இல்லாம ஆக்கிப் போட்டேன். நான் எதுவும் வேண்டிக்கல. உங்களுக்காக நானும் வாயைக் கட்டிக்கினு இருந்தேன்" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. பிறகு நதியா பக்கம் திரும்பி, "அஞ்சு பிரியாணி போடும்மா. எனக்கு லெக் பீஸ்" என்றாள்.

சாப்பிட்டு முடித்துப் போனைத் திரிஷாவிடம் நீட்டினாள். பழக்கதோஷத்தில் திரிஷாவின் விரல் கோயிலுக்குப் போனது.

"கோயில் வாணாம். கடைப் பேரையே போடு. நான் யாருக்கும் பயந்துக்கினு துன்னல."

'நதியா பிரியாணி' என்று போட்டோவோடு செக்-இன் ஏறியது. நதியா போனை வாங்கி, தன் பெயரை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கால்மணி நேரத்தில் அடுத்த தெருவிலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் தினம் ஒரு மணிக்குத் தரிசனம் செய்கிறவர்கள் இருந்தார்கள். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு கூட்டம். ஆண்கள் எழுந்து பெண்களுக்கு இலை போட்டார்கள்.

இரண்டரை மணிக்கு ராமராஜன் தேக்சாவைச் சாய்த்து அடியைச் சுரண்டினார். கடைசியாக வந்த இரண்டு பேருக்குக் குஸ்காகூட இல்லை. அவர் வெகுநேரம் காலித் தேக்சாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு சனிக்கெழமை ஆச்சேம்மா" என்றார் தயங்கித் தயங்கி. "பதினஞ்சு கிலோ ஊற வெக்கட்டா?"