மஞ்சள் சுவர்

எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் கடலுக்குப் போகுமுன் நாணல் பாத்திக்குள் நுழைந்து சுத்தமாகித்தான் போகவேண்டும். சரளைக்கல் நிரப்பிய நீளமான பள்ளம். மேலே ஆளை மறைக்கும் நாணல். புயலுக்குப் பயந்து கரைக் குடிசைகளை இடித்து, எங்களை இந்தச் சிமெண்டு வீடுகளில் குடிவைத்தபோது கூடவே வந்தது பாத்தி.

ரொசெந்தாவின் புருஷன் தெல்ஃபின் அதற்கு முன்பே மீன்பிடிக் கப்பலில் போனவன். ஒருநாள் அவன் கைப்பேசி அணைந்தது; அதன்பிறகு பேச்சே இல்லை. வந்தால் பழைய கரைக்குத்தான் வருவான்; அங்கே தென்னை மட்டும்தான் நிற்கிறது. அதனால், கரையில் நின்று பார்த்தாலே வீடு அடையாளம் தெரியட்டும் என்று, அவர்கள் படகுக்கு அடித்த அதே மஞ்சளை வீட்டின் கடல்பக்கச் சுவரில் பூசிவைத்தாள். நாணல் வளர்ந்து சுவரை விழுங்கியது.

நானும் அவளும் பாத்தியில்தான் கூலிவேலை. நாணல் பூத்ததும் துடைப்பத்துக்கு அறுப்போம், முழங்கால் உயரம் தண்டை விட்டு. தண்டின் உள்ளே குழல். வேருக்கு மூச்சு அதன் வழியாகத்தான். அவளுக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் சோறு தின்னப் போன நேரத்தில், சுவருக்கு நேரே இருந்ததை எல்லாம் கல்லோடு ஒட்ட மழித்துவிட்டாள்.

மழை பிடித்தது. பாத்தியில் தண்ணீர் தேங்கி, ஒட்ட அறுத்த தண்டுகள் மூழ்கி, மூச்சில்லாமல் வேர் அழுகியது. சோற்றில் கைவைக்க முடியாத நாற்றம்.

எங்கள் மேஸ்திரி பசீத்தா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்டி, ஒட்டவா அறுப்பாங்க?"

"முழங்கால் விட்டா சீக்கிரம் ஏறிக்கும்க்கா."

"கவலப்படாத. இந்த நாத்தத்த மோந்துக்கிட்டே ஒம் புருசன் வீடு வந்து சேந்துருவான்."

எல்லோரும் சிரித்தோம். ரொசெந்தாவும் சிரித்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அழுகியதைப் பிடுங்கி, மறுகோடியிலிருந்து கிழங்கு பெயர்த்து வந்து அவளே நட்டாள். சகதி தொடைவரை. பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னேன்: "எட்டி எட்டி நடுடி. யாரு பாக்கப்போறா? சுவர மறைக்க நாளாகும்ல."

அவள் நிமிரவில்லை. "எட்டி நட்டா தண்ணி சுத்தமாகாது. நாறுற ஊருக்கா அவன வரச் சொல்ற?"

நெருக்கித்தான் நட்டாள்.

நேற்று மட்டி பொறுக்க இருவரும் கரைக்குப் போனோம். பாத்திக் குழாய் கடலில் விழும் இடத்தில் தண்ணீர் தெளிந்து, சின்ன மீன்கள் மொய்த்துக் கிடந்தன. குனிந்தபடியே கேட்டாள்: "தெரியுதா?"

திரும்பிப் பார்த்தேன். இளம் நாணலுக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஒரு சாண் மஞ்சள்.

"தெரியுதுடி."

"நாணல் நல்லா வளருதுல்ல?"

"நல்லா வளருது."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். வெயில் ஏறியும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.