கலவை லிஃப்ட்

கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே மேனேஜர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் இன்ஜினியரும். இந்தப் பக்கம் சாரம் கட்டுகிற நானும், கம்பி கட்டுகிற பெரியவரும். ஆளுக்குப் பாதி என்பதுதான் பாதுகாப்புக் கமிட்டியின் விதி. தொழிலாளிகள் சார்பாகப் பிரதிநிதி வேண்டும் என்றபோது, எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தூக்கினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயுள்ளவனைத்தான் முதலில் மாட்டிவிடுவார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

பிரச்சினை கலவை ஏற்றுகிற லிஃப்ட். சுற்றிலும் கம்பி வலை அடித்த கூண்டு. செங்கல்லும் கலவையும் போவதற்கானது, ஆள் ஏறக் கூடாது. ஆள் ஏறத்தான் செய்தார்கள், அது வேறு கதை. போன வாரம் மேல் மாடியில் நின்ற கூண்டு, பிரேக் பிடிக்காமல் ஒரு சாண் கீழே வழுக்கியதை நானே பார்த்தேன். இன்றைக்கு ஒரு சாண் வழுக்கினது நாளைக்கு ஒரேயடியாக இறங்கும். ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தப் பிரதிநிதிக்கு அதிகாரம் உண்டு. நிறுத்தினேன். கதவில் சங்கிலியைச் சுற்றி, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். அன்றைக்கு என் நடையே கொஞ்சம் மாறிவிட்டதாகப் பெரியவர் கிண்டல் செய்தார்.

லிஃப்ட்தான் நின்றது, வேலை நிற்கவில்லை. கலவை சித்தாள்களின் தலையில் உட்கார்ந்து ஆறு மாடியும் படியேறியது. பழுது பார்க்கிற மெக்கானிக் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்றார்கள். அவரைத் திட்ட வேண்டிய வாய்களெல்லாம் என்னைத் திட்டின. சித்தாள்களில் என் மனைவியும் ஒருத்தி. நேற்று வீட்டுக்கு வந்ததும் சும்மாட்டுத் துணியை மூலையில் எறிந்துவிட்டு, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"யோவ், லிஃப்டை நிறுத்தினியே, கலவையை ஏன்யா நிறுத்தல? லிஃப்டுக்கு ஓய்வு குடுத்துட்ட. எனக்கு யாரு குடுப்பா?"

"அறுந்து விழுந்தா உசுரே போயிடும்மா."

"அது விழுந்தாதானே. என் முட்டி இப்பவே போச்சு."

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. அட்டையைத் தொங்கவிடத் தெரிந்தவனுக்கு, அந்தப் பாரம் யார் தலைக்குப் போகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. நாளைக்குக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன் என்றேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேட்கவும் செய்தேன். "லிஃப்ட் சரியாகிற வரைக்கும் மேல கலவை போகக் கூடாது சார். தலையில வச்சும் போகக் கூடாது."

"அப்போ பூச்சு வேலையே நின்னுடுமேப்பா" என்றார் மேனேஜர்.

"நிக்கட்டும் சார். நின்னாத்தான் மெக்கானிக் வருவாரு. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கச் சொல்லாதீங்க."

பெரியவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். சபாஷ் என்று மிதித்தாரா, போதும் என்று மிதித்தாரா தெரியவில்லை. இன்ஜினியர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனைக் கையில் எடுத்தார், மெக்கானிக்கைக் கூப்பிடத்தான். அப்போது வெளியே மோட்டார் உறுமியது.

நான்கு பேரும் ஜன்னலுக்கு வந்தோம். சங்கிலி தரையில் கிடந்தது. கூண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே கலவைச் சட்டிகளும், அவற்றுக்கு நடுவே நான்கு சித்தாள்களும். கதவோரமாக வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி.

மேனேஜர் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் போனை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "உங்க ஆளுங்களே ஏறிட்டாங்களே. இனி நாம பேச என்னங்க இருக்கு?"

ஓடினேன். ஓடும்போதே அவமானம், கோபம் எல்லாம் கழன்று விழுந்து, பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. லிஃப்ட் ஆபரேட்டர் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"உங்க வீட்டுக்காரம்மாதான் கழட்டினாங்கண்ணே. அவங்களே கழட்டும்போது நான் என்ன சொல்றது?"

மெயின் சுவிட்சில் கை வைத்தேன்.

"ஐயோ, வேணாம்ணே! பாதியில நின்னா இறங்க வழியில்ல. மேல போயிட்டா இறங்கிடுவாங்க."

கையை எடுத்தேன். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். கூண்டு ஆறாவது மாடிக்குப் போய் நின்றது. "இறங்குங்க! எல்லாத்தையும் போட்டுட்டு இறங்குங்க!" என்று கத்தினேன். பின்னால் ஓடிவந்த பெரியவரும் சேர்ந்து கத்தினார். மூன்று பேர் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. குனிந்து ஒரு சட்டியைத் தூக்கி, வெளியே நின்றவளிடம் இடுப்பு உயரத்தில் நீட்டினாள். அடுத்ததை எடுக்கும்போது கூண்டின் தரை மாடித் தளத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது; நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தாள். அதற்கடுத்த சட்டியைக் கொடுக்க அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தது.