விரல் பட்டால் சுற்றும் நட்சத்திரம்

“காலையில ஓடிச்சேடா! நீயும்தானே பக்கத்துல நின்னு பார்த்தே?”

“ஓடல்லைன்னு நான் சொன்னேனா? கத்தாதே. உங்க நைனா உள்ள ரேடியோ கேட்டுகினு கீறாரு” என்றான் சிட்டிபாபு.

வராந்தாவில் குந்தியிருந்த அசரியா மறுபடி சுவிட்சைப் போட்டான். மோட்டார் ‘ம்ம்’ என்று முனகியது, அசையவில்லை. அச்சை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். உடனே, இதற்குத்தான் காத்திருந்தேன் என்பதுபோல் விர்ரென்று சுற்றியது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் அதே முனகல்.

பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய மோட்டார் அது. மெதுவாகச் சுற்றவேண்டும் என்பதற்காக, பவர் டிரான்சிஸ்டர் வைத்து இருவரும் ஒரு மாதமாகப் பற்றவைத்த டிரைவர் சர்க்யூட் வழியாகத்தான் அதற்குக் கரண்ட் போகும். அது சுற்றப்போகும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் ஏற்றவேண்டும். இப்போதே மூன்றரை. சபைச் செயலாளர் துரைராஜ் போன ஞாயிறு எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார்: “இயேசு பொறக்க மோட்டார் எதுக்குத் தம்பி? சும்மா தொங்கவிடேன்.” பாடகர் குழுவே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அசரியாவின் காதுக்குள் இருந்தது.

ஒயர்களை இழுத்துப் பார்த்தாயிற்று. ஈயம் வைத்த இடங்களை மறுபடி சுட்டாயிற்று. பேட்டரிக் கட்டைகள் நான்கிலும் மீட்டரை வைத்தான். முள் கிட்டத்தட்ட ஆறு வோல்ட்டுக்கு ஏறி நின்றது.

“சும்மா கீறப்போ வெச்சா அப்பிடித்தான் காட்டும். மோட்டாரைப் போட்டுகினே வெச்சுப் பாரு” என்றான் சிட்டிபாபு.

“எனக்குப் பாடம் எடுக்காதே. பேட்டரி சரியா இருக்கு. நீ மூர் மார்க்கெட்ல வாங்கிட்டு வந்த டிரான்சிஸ்டர்தான் செத்துப்போச்சு.”

“பார்த்துதான்டா வாங்கினேன்.”

“என்னத்தைப் பார்த்தே? வயலை மனை போட்டு வித்துத் தின்ன குடும்பத்துக்குச் சாமான் பார்த்து வாங்கத் தெரியுமா?”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. சிட்டிபாபு எழுந்தான். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டான்.

“நீ குந்திகினு கீற இந்த எடம் எங்க தாத்தா நாத்து நட்ட எடம்டா” என்றான். தன் திருப்புளியைக்கூட எடுக்காமல் சைக்கிளை மிதித்துப் போனான்.

போகட்டும். போகட்டுமே! அசரியா வெறியோடு சுவிட்சைப் போட்டான். சிட்டிபாபு சொன்னபடி செய்யக்கூடாது என்றுதான் இருந்தான். ஆனால் கை தானாகவே மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தது. மோட்டார் முனகியது. முள் ஆறிலிருந்து சரிந்து மூன்றுக்கும் கீழே விழுந்தது.

கட்டைகளை வெளியே உருவினான். உள்ளங்கையில் சுட்டன. ஒன்றின் அடியில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. காலையில் அவன் போட்டவை புத்தம்புதுசு.

உள்ளே கிரிக்கெட் வர்ணனை கணீரென்று கேட்டது.

“அப்பா, மோட்டார்ல இருந்த கட்டைய எடுத்தீங்களா?”

“மத்தியானம் ரேடியோ கம்மிப்போச்சுப்பா. அதான் மாத்திக்கிட்டேன்” என்றார் கணக்கு வாத்தியார் வேதசிரோமணி, ரேடியோவிலிருந்து காதை எடுக்காமல். “சும்மா ஒண்ணும் எடுக்கலை. ரெண்டு நாள் மொட்டை மாடிச் சுவர்மேல வெயில்ல காய வச்ச கட்டை வச்சிருக்கேனே. உயிர் வந்திருக்குமே, மீட்டர் காட்டலை?”

காட்டியது. அதை நம்பித்தான் ஏமாந்தான். கத்தவேண்டியதையெல்லாம் ஒருத்தனிடம் கத்தித் தீர்த்தாயிற்று. ரேடியோவின் முதுகைத் திறந்து நான்கு கட்டைகளையும் உருவினான். வர்ணனை பாதி வார்த்தையில் அறுந்தது. “டேய், கடைசி விக்கெட்டுடா!” என்ற குரலுக்குத் திரும்பவில்லை.

அவற்றை மாட்டிச் சுவிட்ச் போட்டதும் மோட்டார் கிளம்பியது. செத்துப்போச்சு என்று அவன் திட்டிய டிரான்சிஸ்டர் வழியாகத்தான். அச்சில் மாட்டியதும், கலர்த்தாள் ஒட்டிய மூங்கில் நட்சத்திரம் சாய்ந்த வெயிலில் வராந்தாச் சுவரில் சிவப்பும் பச்சையுமாக ஒளியை வீசிக்கொண்டு நிதானமாகச் சுற்றியது. பார்க்க ஆள் இல்லை.

திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிள் மேல் சிட்டிபாபு. போகிறவன் என்றால் முதுகல்லவா தெரியவேண்டும்? இவனுக்கு முகம் தெரிந்தது. அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான், திருப்புளிக்காகவோ, வேறு எதற்காகவோ.

இருவருக்கும் நடுவே எலக்ட்ரிக் ரயில் தடதடவென்று நுழைந்தது. பெட்டி பெட்டியாகப் போகிறது. கேட் திறக்க இன்னும் அரை நிமிஷம் இருக்கும். மோட்டார் ஓடுகிறது என்பதை முதலில் சொல்வதா, தப்பாகப் பேசிவிட்டேன் என்பதையா? நீங்களாக இருந்தால் எதில் ஆரம்பிப்பீர்கள்?