நூற்றைம்பது பங்கு, இரண்டு கையெழுத்து

1

மூலதனத்துக்கும் மனசாட்சிக்கும் இடையே நடக்கும் ஓயாத போரின் வரலாறே மனிதகுலத்தின் வரலாறு.

இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் என்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது. எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து படித்தால், மைக் கிடைத்த எவரும் எந்த மேடையிலும் சொல்லக்கூடிய வாக்கியமாக இருந்தது. ஆனாலும் அடிக்கவில்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

உண்மையில் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கண்ணாடிக் கடையில். படிக்கும் கண்ணாடியை மாற்றலாமென்று போயிருந்தேன். மோவாயை ஒரு கிண்ணத்தில் வைக்கச் சொல்லி, நெற்றியை ஒரு பட்டையில் அழுத்தி, "அசையாதீங்க, பேசாதீங்க" என்றார் கடைக்காரர். இப்படி ஒருத்தன் வசமாக மாட்டினால் யாருக்குத்தான் மனம்விட்டுப் பேசத் தோன்றாது? கண் பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதும். நான் நாற்பது நிமிடம் மோவாயை எடுக்கவில்லை.

(புது நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுழலும், சாயும், முதுகுக்கு நல்லதாம். கதைக்குச் சம்பந்தமில்லை.)

2

ஒரு சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் முக்கியமான இடம், ஒரு தாளில் இருந்த பொடி எழுத்தை இந்த மனிதர் படிக்காமல் விட்டதுதான். ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்கவைத்துப் பிழைப்பவர் அவர். "ரொம்ப வசதியா அமைஞ்சுபோச்சே" என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள். அதற்குப் பயந்து அவரைத் தையல்காரராக மாற்றிப் பார்த்தேன்:

"அளவு நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே தையல்காரர் வங்கியின் எதிர்காலத்தை..."

ஒட்டவில்லை. சமையல்காரராக மாற்றினேன். அவர் அடுப்படிக்குப் போனவர் திரும்பவே இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு உள்ளதையே எழுதுகிறேன். அவர் கண்ணாடிக் கடைக்காரர். கிட்டத்தில் இருப்பது அவருக்கே மங்கலாகிப் பத்து வருஷமாகிறது. ஆனால் கண்ணாடி போடமாட்டார். "எனக்கு இன்னும் தேவைப்படல சார்" என்பார், தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

முப்பது வருஷத்துக்கு முன்னால், லென்ஸ் உரசும் இயந்திரம் வாங்க அரசு வங்கி ஒன்று அவருக்குக் கடன் கொடுத்தது. பிறகு அரசாங்கம் அந்த வங்கியில் பாதியைப் பொதுமக்களுக்குப் பங்காக விற்றபோது, நன்றி மறக்காமல் நூற்றைம்பது பங்கு வாங்கினார். பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் கண் பரிசோதனை அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினார். அன்று முதல் அது "நம்ம வங்கி". கிளைக்குள் நுழைந்தால் மின்விசிறி வீணாகச் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். வரிசையில் நிற்பவர்களிடம், "கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஆள் பத்தல" என்று மன்னிப்புக் கேட்பார்.*

* 'பங்குதாரர்' என்று சொன்னதும் ஒரு கணம் நிறுத்துவார். கைதட்டலுக்கு விடும் இடைவெளி அது. யாரும் தட்டியதில்லை.

அவருடைய மகள் தன் சொந்த மூளையால் பரீட்சை எழுதி அதே வங்கியில் சேர்ந்தாள். பக்கத்துத் தெருக் கிளை, மூன்றாம் கவுண்டர். நியமன உத்தரவில் தானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரு வாரம் நடந்தார் அப்பா. மனைவி இறந்து ஆறு வருஷம், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மதியம் மகள் டிபன் பாக்ஸோடு கடைக்கு வந்துவிடுவாள். அவள் பரிசோதனை நாற்காலியில், அவர் ஸ்டூலில். அந்த அரைமணி நேரம் யார் கதவைத் தட்டினாலும் அவருக்குக் காது கேட்காது.

"அப்பா, உங்க பங்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டேன்" என்றாள் ஒருநாள். "என் கவுண்டர் நாற்காலியில ஒரு திருகாணி. அதுகூட முழுசா இல்ல."

"அந்தத் திருகாணியைக் கழட்டிட்டு உக்காந்து பாரேன், தெரியும்."

3

வங்கியை மொத்தமாக ஒரு வெளிநாட்டு வங்கிக்கு விற்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. இந்த யோசனையை முதலில் சொன்ன கட்சி இப்போது எதிர்க்கட்சி, ஆகவே தேசத்தை விற்காதே என்று கத்தியது. அன்று அப்படிக் கத்திய கட்சி இப்போது ஆளுங்கட்சி, ஆகவே வளர்ச்சி என்றது. ஒருவர் உரையை மற்றவர் வாங்கிப் படித்த மாதிரி, முற்றுப்புள்ளிகூட மாறவில்லை.

(இந்த இடத்தில் பொருளாதாரம் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். புள்ளிவிவரங்களோடு. எனக்கே புரியாததால் எடுத்துவிட்டேன்.)

கடையில் எதிர்க்கட்சியின் வேலையை, அதாவது ஆளுங்கட்சிக்காகப் பேசும் வேலையை, கடைக்காரரின் மச்சான் பார்த்தார். செத்துப்போன மனைவியின் தம்பி. டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவரிடமும் நாற்பது பங்கு இருந்தது, அக்காள் வற்புறுத்தி வாங்கவைத்தது.

"விக்கட்டும் மச்சான். கவுண்டர்ல போய் நின்னா, நம்மளப் பாத்ததும்தான் அவங்களுக்கு டீ ஞாபகமே வருது. தனியார் வந்தா தலையை நிமிர்த்தி ஒரு பார்வையாவது பாப்பான்."

"பாப்பான். உன் சட்டைப்பையைப் பாத்துட்டு மறுபடி குனிஞ்சுக்குவான்."

"என் மருமகளைச் சொல்லல, மத்தவங்களைச் சொன்னேன்."

"உன் மருமக கிளையைத்தான்டா மூடப்போறாங்க!"

ஆமாம். விற்பனை நடந்தால் மூடப்படும் கிளைகளின் பட்டியல் வந்திருந்தது. பக்கத்துத் தெருக் கிளை அதில் பதினேழாவது. மூன்றாம் கவுண்டரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். ஒன்பது மணிநேர ரயில் தூரம். அவ்வளவு தூரத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு யாரும் வர முடியாது.

சட்டப்படி சில்லறைப் பங்குதாரர்களையும் கூட்டி ஓட்டெடுக்க வேண்டும். மகள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, பெரிதாக ஒன்றும் இல்லை என்ற குரலில் சொன்னாள்: "எதிர்த்துப் போடுங்கப்பா. ஜெயிக்கப் போறதில்ல. ஆனா நீங்க எதிர்த்துப் போட்டீங்கன்னு எனக்கு இருக்கும்."

(இந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அவள் இன்னும் கொஞ்சம் அழுதிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். "அழுதாங்களா?" என்று கேட்கத்தான் நினைத்தேன், மோவாய் கிண்ணத்தில் இருந்தது.)

4

படிவம் வந்தது. மேல்பாதி: நான் கூட்டத்துக்கு நேரில் வருகிறேன். கீழ்ப்பாதி: எனக்குப் பதிலாக இன்னார் வந்து ஓட்டுப் போடுவார். இரண்டில் ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைக்காரரின் கையெழுத்து அழகானது. மூன்று சுழி, ஒரு நீளக் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அதைப் போடுவதற்கு வாழ்க்கை அவருக்கு அதிக வாய்ப்புகள் தந்ததில்லை. கோடு போட்ட இடத்தைக் கண்டால் கை தானாகப் போகும். இரண்டு இடத்திலும் போட்டார். 'இன்னார்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். நேரில்தானே போகிறோம், யார் பெயரை எழுதுவது? அந்தக் கட்டத்துக்கு அடியில், அவருடைய அட்டையின் கடைசி வரியைவிடச் சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: பெயர் எழுதப்படாவிட்டால் கூட்டத் தலைவரே பிரதிநிதியாகக் கருதப்படுவார், தம் விருப்பப்படி வாக்களிப்பார்.

தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பார்த்தார். ஏதோ அச்சகத்தின் முகவரி என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடிகள் நானூறு சுற்றிலும் தொங்கின.

கூடவே பதினோரு பக்கத்தில் ஒரு எதிர்ப்புக் கடிதமும் எழுதி உறையில் வைத்து வங்கிக்கு அனுப்பினார். அதுதான் தன் ஓட்டு என்பது அவருடைய நம்பிக்கை.

5

கூட்டம் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஒன்பது கோட்டுகள், ஒன்பது தண்ணீர் பாட்டில்கள். கேள்வி நேரத்தில் இவர் கை தூக்கினார். மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பதினோரு பக்கத்தின் நகலை விரித்தார்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, மதிப்புக்குரிய இயக்குநர்களே, என்னைப் போன்ற சக பங்குதாரர்..." ஒரு கணம் நிறுத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில் முதல் பக்கமே இரண்டரை நிமிடம் ஓடிவிட்டது. மணி அடித்தார்கள். காகிதத்தை மடித்துவிட்டு, எழுதாத ஒன்றைச் சொன்னார்: "எம் பொண்ணு உங்க மூணாம் கவுண்டர்ல இருக்கா. அவளை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அதான் நான் வந்தேன்."

நான் இந்தக் கதையை எழுதுவதே இந்த மூன்று வரிக்காகத்தான் என்று சில சமயம் தோன்றுகிறது. மண்டபம் எழுந்து நின்று தட்டியது. ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

ஓட்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டே வந்த பெண், பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஓட்டு ஏற்கெனவே பதிவாயிடுச்சு சார்" என்றாள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார், கடிதத்தைப் படித்து முதல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள்! "நம்ம வங்கியில இந்த வேகத்தை நான் பாத்ததே இல்லம்மா" என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

6

தீர்மானம் நிறைவேறியது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று ஓட்டு ஆதரவு. மறுநாள் பேப்பரில் இவர் வாய் திறந்தபடி நிற்கும் படம். மகளின் கிளையில் அதை வெட்டி ஒட்டினார்கள். "எங்கப்பா" என்று மகள் ஒவ்வொருவருக்கும் காட்டினாளாம்.

மச்சான் வந்ததும் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "சந்தோஷமாடா? உன்னை மாதிரி நாலு பேர் போட்ட ஓட்டுலதான் போச்சு."

"நான் எதிர்த்துத்தான் போட்டேன் மச்சான்."

"என்ன?"

"எதிர்த்து."

"அப்ப இத்தனை நாள் இங்க உக்காந்து பேசினது?"

"பேசினது நாட்டைப் பத்தி. ஓட்டு மருமகளைப் பத்தி. ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்பிக்கணும்?" என்றார் மச்சான், கடைக்காரரின் டீயை எடுத்துக் குடித்துக்கொண்டே.

இரண்டு நாள் கழித்து வங்கியிலிருந்து ஒரு கடிதம். தங்கள் நூற்றைம்பது வாக்குகளையும் தங்கள் பிரதிநிதியான தலைவர் தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதிவு செய்தார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.

இதை மட்டும் கண்ணாடி போட்டுப் படித்தார். விற்பனைக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்து, விலைச் சீட்டு மூக்கில் தொங்கத் தொங்க, மூன்று முறை. பிறகு பங்குப் பத்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்க அட்டையைக் கழற்றி, கடிதத்தை மடித்து உள்ளே வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். கிழித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், பிறகு, மோவாய் விடுதலையானதும். "வங்கிக் கடிதத்தைக் கிழிக்கிறதா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

7

மூன்று மாதம் கழித்து மாற்றல் உத்தரவு வந்தது. நான் கடைக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. மகளுக்கு ஞாயிறு ரயில். முந்தின நாள், பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவள் சுவரைக் காட்டியிருக்கிறாள்.

"அந்தப் பத்திரத்தை எனக்குக் குடுங்கப்பா. போற இடத்துல ரூம்ல மாட்டிக்கிறேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

"அதெதுக்கும்மா, வெறும் காகிதம். வங்கியே போயாச்சு."

"எனக்கு வேணும். அந்தத் திருகாணி."

இதைச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் லென்ஸை மாற்ற மறந்து நின்றார். பிறகு, "நீங்க எழுதுறவர்னு சொன்னாங்க. முடிவெல்லாம் உங்களுக்குப் பழக்கமா இருக்கும். என்ன செய்யலாம் சார்?" என்றார்.

மோவாயை எடுத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

8

முடிவுகள் மூன்று எழுதினேன். அவர் லென்ஸ் மாற்றிக் காட்டுவது போலக் காட்டுகிறேன். கண்ணை இடுக்காமல் பாருங்கள்.

ஒன்று. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தை எடுத்துவிடுகிறார். சனிக்கிழமை மகள் ஃபிரேமைத் துணியில் சுற்றி எடுத்துப்போகிறாள். அவர் வெறும் சுவரைப் பார்த்து...

இரண்டு. எடுக்கவில்லை. கடிதம் மகளோடு ரயில் ஏறுகிறது. என்றைக்காவது கண்ணாடி உடையும், அன்றைக்கு அவள் படிப்பாள். அதுவரைக்கும் ஒவ்வொரு போன் மணிக்கும் இவர்...

இது தெளிவா? முன்னே காட்டினது தெளிவா?

மூன்று. சொல்லிவிடுகிறார். மகள் சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்பா" என்கிறாள். (இது மங்கல். கதைகளில் வரும் மகள்களுக்கு எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்கும். கவுண்டரில் இருப்பவர்களுக்கு அவ்வளவு நேரமில்லை. மேலும், தெரியாமலேயே இருந்து, அன்றைக்குத்தான் கேட்டு, ஒரு நிமிடம் பேசாமல் நின்றால்? அந்த ஒரு நிமிடத்தை எழுத எனக்குத் தைரியமில்லை.)

உண்மையில் என்ன நடந்தது என்று கடைக்குப் போனால் தெரிந்துவிடும். என் புதுக் கண்ணாடி தயாராகி மூன்று வாரமாகிறது. இரண்டு முறை போன் செய்தார்கள். நான் எடுக்கவில்லை. பழைய கண்ணாடியோடுதான் இதை எழுதுகிறேன். போனால் முதல் கேள்வி, "யோசிச்சீங்களா சார்?" என்பதாகத்தான் இருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் போனால், யோசித்துக்கொண்டு போங்கள். சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

9

ஒன்று விட்டுப்போயிற்று. அன்றைக்கு நடுவில் அவர் என்னிடம், "உங்களுக்கு இந்த வங்கிப் பங்கு ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டார். நான் தலையசைக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்ததால் அசைக்கவில்லை.

எனக்கு இருநூறு பங்கு இருந்தது. ஓட்டுப் படிவம் வந்த உறையை நான் பிரிக்கவே இல்லை. தீர்மானம் நிறைவேறிய மறுநாள் விலை ஏறியது, விற்றேன். இந்த நாற்காலி அதில் வாங்கியது.