மஞ்சள் அட்டையில் ஓபல்

போலியோவில் இறந்து ஓராண்டு கழித்து ஓபலுக்கு முன்பல் விழுந்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் அவள் படம் போட்ட இசைத்தட்டு இருந்த வீடுகளில் எல்லாம், அட்டைப்படத்தில் ஒரே காலையில் விழுந்தது. அட்டையை வடிவமைத்தவர் அவள் அப்பா வார்டெல். இரண்டு வண்ணத்துக்கு மேல் இசைத்தட்டுக் கம்பெனி தராது. அதனால் ஏழு வயது மகளை வாசற்படியில் உட்காரவைத்துப் படமெடுத்து, மஞ்சளில் கறுப்பாக அச்சிட்டு, தலைப்பு எழுத்துகளைத் தாளில் வெட்டி அவள் தலைக்குச் சற்று மேலே வைத்திருந்தார்.

அதன்பின் அவள் வளர்ந்தாள். கவுன் குட்டையாகி வேறு கவுன் வந்தது. அக்கம்பக்கத்தில் இருக்கும் நாங்கள், மளிகைக்கடையில் வார்டெலின் மனைவி லொரீனைப் பார்த்தால், "உங்க பொண்ணு சடைய மாத்திப் பின்னியிருக்கா போல" என்போம். "யாரு பின்னிவிடறாங்கன்னுதான் தெரியல" என்பாள் லொரீன்.

பதினான்கு வயதில் ஓபல் படியிலிருந்து எழுந்தாள். நிமிர முடியவில்லை, தலைப்பு இடித்தது. மாதக்கணக்கில் கழுத்தை வளைத்தபடியே நின்றாள்.

"அந்த எழுத்த அங்க வெச்சது யாரு?" என்று கேட்டாள் லொரீன்.

"நான்தான். சின்னப் பொண்ணுக்கு அளவு பாத்து வெச்சேன்."

"அப்போ நீயே எடு."

கம்பெனி கையை விரித்துவிட்டது. வார்டெல் ஈரப் பஞ்சும் பிளேடும் மஞ்சள் தாளுமாக வீடு வீடாக ஏறி, ஒவ்வோர் அட்டையிலும் தலைப்பை உரித்து எடுத்து, அந்த இடத்தில் மஞ்சள் தாளை ஒட்டினார். யாரும் மறுக்கவில்லை. முடிதிருத்தும் லீராய் மட்டும், "பேரில்லாத தட்ட நான் என்னன்னு சொல்லிக் கேக்கறது?" என்றார். "ஓபலோடதுன்னு கேளு" என்றார் வார்டெல். லீராய் அட்டையை நீட்டினார்.

வேலை முடியச் சில வருடங்கள் ஆயின. ஹார்லெமிலிருந்து பிராங்ஸுக்குக் குடிபோன ஒரு வீட்டில் கடைசி அட்டையை உரித்த அன்று, எல்லா வீடுகளிலும் ஓபல் நிமிர்ந்தாள். அப்பாவின் உயரம் இருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அட்டையின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தத்தில் மேல்கோட்டு போட்டிருந்தாள், கையில் பெட்டி. மறுநாள் படிகள் மட்டும் இருந்தன.

வார்டெல் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். "நான் எழுத்த எடுக்காம இருந்திருக்கணும்."

"பத்தொம்பது வயசாச்சு அவளுக்கு" என்றாள் லொரீன். "அந்த வயசுலதான நானும் தெக்க ஜார்ஜியாவ விட்டுக் கெளம்பினேன். எங்கம்மாவும் இப்படித்தான் உக்காந்திருப்பா."

அதற்குப் பிறகு, பிள்ளைகள் உண்டா என்று புதியவர்கள் யாராவது கேட்டால், ஒரே மகள், வெளியூரில் இருக்கிறாள் என்று லொரீன் சொல்வாள். எங்களைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறோம்.