எடை குறைந்த பாய்

அக்கா கேட்டது சின்ன உதவிதான்.

"மலைக்குப் போறோம்டீ. காத்து ஊதிப் படுக்கற பாய் ஒண்ணு பார்த்து வாங்கிக் குடு. நீதான் சோப்பு டப்பாவுக்கே நாலு கடை ஏறி இறங்குற ஆளாச்சே."

அது உண்மை. ஒரு பொருளை வாங்குவதற்கு முன் பத்துத் தடவை பார்ப்பேன், வாங்கிய பிறகு பதினோராவது தடவை சந்தேகப்படுவேன். அதனால் கீழே எழுதியிருப்பதிலும் எவ்வளவு என் கண் பார்த்தது, எவ்வளவு என் பயம் பார்த்தது என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அத்தானுக்கு ஒரே நிபந்தனை. பாயும் அதன் உறையும் சேர்ந்து நானூறு கிராமைத் தாண்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் அக்கா மலைக்குக் கொண்டுபோகும் பையில் இருந்ததெல்லாம் கொட்டிக் கிடந்தது. நடுவில் சமையலறைத் தராசு. அத்தான் பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கிறவர். எதைக் கையில் தூக்கினாலும் எடை சொல்வார், தராசு அதையே திருப்பிச் சொல்லும். அவருக்கு அதில் ஒரு பெருமை.

"வா விஞ்ஞானி," என்றார். "உங்க அக்கா வீட்டையே பெயர்த்து எடுத்துட்டு வரப் பார்க்கறா. நான் கொஞ்சம் கொஞ்சமா கழிச்சுட்டு இருக்கேன்."

பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் அறுத்திருந்தார். துண்டை இரண்டாகக் கிழித்திருந்தார். இரண்டாவது ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் தொங்கியது. அதுவும் கழிந்துவிட்டதாம். ஒரு விசிலை எடுத்து உள்ளங்கையில் ஆட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"ஆபத்துன்னா ஊதறதுக்கு வேணுமே," என்றேன்.

"உங்க அக்கா தொண்டைக்கு விசில் வேறயா? நாலு தெரு தாண்டிக் கேக்கும்."

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அத்தான் எப்போதும் சிரிக்க வைப்பார். சுவரோரம் அவருடைய பை வாய் கட்டி, புடைத்து நின்றது. அது மேசைக்கு வரவில்லை.

"உங்க பையை நிறுக்கலையா, அத்தான்?"

"அது நான் தூக்கறதும்மா."

பிறகு போன தடவை போன மலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா அப்போது ஒரு மெல்லிய நுரை விரிப்பில்தான் படுத்திருக்கிறாள்.

"அது ஒரு கூத்து," என்றார் அத்தான். "படுத்ததுலேர்ந்து இவ பல்லு தந்தி அடிச்சுது. என்னால கண்ணை மூட முடியல. வெளிச்சம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே டக்குனு நின்னுடுச்சு. பார்த்தியா, உடம்பு பழகிடுச்சு. எல்லாம் பழக்கம்தான்."

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமல் சொன்னாள். "அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. யாரோ என் கால்ல ஷூ மாட்டினாங்க, அது மட்டும்தான்."

"யாரோவா? நான்தான்."

இந்த முறை போவது கணவாய்க்கும் மேலே, பனி கிடக்கும் இடம். மூன்று இரவுகள். கூட வேறு யாரும் வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் காற்றடைக்கும் பையால் பாய்களை ஒவ்வொன்றாக ஊதிப் போட, நான் ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்த்தேன். ஒன்று ரொம்பக் குறுகல், கையைத் தளர்த்தினால் முழங்கை தரையில் இடித்தது. ஒன்றின் வால்வு திறந்த வேகத்தில் பாதிக் காற்றைத் துப்பியது. ஒன்றில் பக்கவாட்டில் புரண்டதும் இடுப்பு தரையைத் தொட்டது. வாயால் ஊதலாமா என்று கேட்டேன். ஊதலாம், ஆனால் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கிக் குளிரில் உறைந்துவிடும் என்றாள்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஒரே ஆரஞ்சு நிற உறை. முதலாவது நானூறுக்குள் அடங்கியது. உள்ளே வெறும் காற்று. இரண்டாவதன் உள்ளே வெள்ளித் தகடு மாதிரி ஒரு படலம் இருந்தது. எடை நூற்றைம்பது கிராம் கூடுதல். அசைந்தால் சிப்ஸ் பாக்கெட்டின் மேல் படுத்ததுபோல் சலசலத்தது.

"எங்க விரிக்கப் போறீங்க, புல்லுலயா, பனியிலயா?" என்றாள்.

"பனியில. என் அக்காவுக்கு."

"அப்போ சத்தம் போடறதையே எடுத்துட்டுப் போங்க. தூக்கம் கெட்டாலும் பரவாயில்ல."

அப்போதே முடிவு செய்திருக்கலாம். ஆனால் நான் நானாயிற்றே. கறை படாமல் திருப்பிக் கொடுத்தால் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடைப்பெண் சொன்னாள். இரண்டையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

நான் மாலை வகுப்பில் குளிர்பதனப் பயிற்சி எடுக்கிறேன். பட்டறையின் பின்னால் நாங்கள் பழகுவதற்கென்று ஒரு குளிர் அறை இருக்கிறது. ஆளாளுக்குக் கதவைத் திறந்து மூடுவதால் அதன் தரையில் எப்போதும் மாவு சலித்ததுபோல் மெல்லிய பனி படிந்திருக்கும். தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. பயிற்சியில் என் ஜோடி ஒரு லிஃப்ட் மெக்கானிக், எல்லோரும் அவரை லிஃப்ட் என்றே கூப்பிடுவோம். பாயை வாங்கிக்கொள்ள அக்காவை அங்கேயே வரச் சொல்லியிருந்தேன். சோதிக்க வேண்டும் என்று சொன்னதும் அவளே படுக்கிறேன் என்றாள்.

"நீ படுத்து என்ன பிரயோஜனம்? குளிரப் போறது எனக்குத்தானே."

இருவரும் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே போனோம். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சீக்கிரம் தாயே, வெளியிலயே எனக்கு மூக்கு விறைக்குது," என்றார்.

முதலில் எடை குறைந்த பாய். அக்கா அதில் மல்லாந்து, கைகளை வயிற்றில் கோத்துக்கொண்டு படுத்தாள். சிறிது நேரத்தில் முதுகு சில்லிடுகிறது என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். எழுந்ததும் பாயைத் தூக்கினேன்.

தரையில் பனி போயிருந்தது. முழுவதும் போகவில்லை. தோள், முதுகு, இடுப்பு, குதிகால் இருந்த இடங்களில் மட்டும் கரைந்து, சிமெண்ட் கறுப்பாக ஈரமாகத் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளை. நடுவில் படுத்திருக்கும் ஓர் ஆள்.

"நான் இவ்ளோ சின்னவளாடீ?" என்றாள் அக்கா.

சலசலக்கும் பாயைப் பக்கத்தில் விரித்து, அதே நேரம் படுக்க வைத்தேன். அதைத் தூக்கியபோது பனி அப்படியே இருந்தது. காற்றறைகளின் வரி மட்டும் பதிந்திருந்தது.

"உன் சூடு உன்கிட்டயே இருந்திருக்கு," என்றேன். "அந்தப் பாயில தரை குடிச்சிடுச்சு."

அக்கா அந்தக் கறுப்பு உருவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் ஓரங்களில் மறுபடி பனி ஏறத் தொடங்கியிருந்தது.

வெளியே வந்து கதவைத் தாழிட்டபோதுதான் அதில் மாட்டியிருக்கும் பலகை கண்ணில் பட்டது. சேர்ந்த நாளிலிருந்து நான் தாண்டிப் போகும் பலகை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பலகை. அதன் கடைசி வரி: உடனிருப்பவரின் நடுக்கம் தானாக நின்றால், குளிர் பழகிவிட்டது என்று எண்ண வேண்டாம், அது உயிருக்கு ஆபத்தான நிலை, உடனே வெளியே கொண்டு வந்து உதவிக்கு ஆள் கூப்பிடவும்.

நான் படித்து முடித்துத் திரும்பியபோது அக்காவும் அதையே படித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் ஏதோ சொல்லிச் சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அத்தானுக்குத் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாதவருக்குச் சொன்னால் போதும். அன்றே இருவரும் போய்ச் சொன்னோம். பனியில் விழுந்த உருவத்தைச் சொன்னேன், பலகையைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு ஆரஞ்சு உறைகளையும் இரு கைகளில் ஏந்தினார்.

"இது," என்று எடை குறைந்ததை அக்காவின் பையில் செருகினார். "இந்த சத்தம் போடறதைக் கடையில குடுத்துடு. பக்கத்துல படுக்கறவன் தூங்க வேணாமா?"

"அத்தான், நூத்தம்பது கிராம்தானே. நீங்க தூக்க மாட்டீங்களா?"

"இன்னைக்கு நூத்தம்பதுன்னு விட்டா நாளைக்கு ஒரு கிலோன்னு நிக்கும். அவளுக்குப் பழகணும். பழக்கிட்டு இருக்கேன். நடுவுல நீ வராதே." குரலில் கோபமே இல்லை. என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

அவர் குளிக்கப் போனபோது நான் பாய்களை மாற்றினேன். உறைகள் ஒரே நிறம். சூடான பாய் அக்காவின் பைக்குப் போனது, மற்றது என் பைக்கு வந்தது. அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்தது சரியா என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தேன். எடை சொல்லும் அவருடைய கையை மறந்துவிட்டு யோசித்தேன்.

சனிக்கிழமை காலை வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போனேன். கடை திறந்ததும் திருப்பிக் கொடுக்கலாம் என்று அந்தப் பாயையும் எடுத்துப் போயிருந்தேன். அக்கா பையின் இடுப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு நின்றாள். கண்டக்டர், "மலைக்குப் போறவங்க ஏறுங்க, அப்புறம் எடமில்லன்னு என்னைத் திட்டாதீங்க," என்று கத்திக்கொண்டிருந்தார்.

அக்கா ஏறுவதற்கு உதவியாக அத்தான் பின்னாலிருந்து அவள் பையைத் தாங்கினார். தாங்கிய கை நின்றது. ஒருமுறை இறக்கி, மறுபடி தூக்கினார்.

"நூத்தம்பது கூட இருக்கு," என்றார்.

அங்கேயே பையின் வாயைத் திறந்து ஆரஞ்சு உறையை வெளியே எடுத்து அமுக்கினார். சலசலத்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அதை என் கையில் வைத்தார்.

"நல்ல ஆராய்ச்சி. இன்னொண்ணு எங்கே?"

"என் பையில."

"குடு."

கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் என் விரல்கள் ஜிப்பைத் தேடிப் போய்விட்டன. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"ஏங்க," என்றாள் அக்கா. "அன்னைக்கு என் நடுக்கம் நின்னப்போ நீங்க முழிச்சுட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஆமா. சொன்னேனே."

"எவ்ளோ நேரம் என்னைப் பார்த்துட்டு இருந்தீங்க?"

அத்தான் யோசித்தார். மழுப்புவதற்காக அல்ல. ஒரு பார்சலைக் கையில் ஏந்தி எடை சொல்வதற்கு முன் யோசிப்பாரே, அப்படி யோசித்தார்.

"வெளிச்சம் வர்ற வரைக்கும்."

"எழுப்பவே இல்லையே."

"எதுக்கு? அமைதியா இருந்தே."

அக்கா இடுப்புப் பட்டியைக் கழற்றினாள். பிறகு மார்புப் பட்டி. பிறகு தோள் பட்டைகள், ஒவ்வொன்றாக. பையைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த பாயை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நான் இவகூடப் போறேன்," என்றாள்.

அத்தான் கோபப்படுவார், தனியாகவாவது பஸ்ஸில் ஏறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் பையை முதுகிலும் அக்காவின் பையைத் தோளிலும் மாட்டிக்கொண்டு, எங்களுக்குச் சில அடி பின்னால் நடந்து வந்தார். என் அறைக்குத் திரும்பும் மூலையில் மட்டும் கூப்பிட்டார்.

"விஞ்ஞானி, உன் பையில இருக்கற எடை குறைஞ்சதைக் கடையில குடுத்துடாதே. பத்திரமா வெச்சிரு. அடுத்த தடவைக்கு ஆகும்."

இப்போது மத்தியானம். அக்கா என் அறையின் தரையில் அந்தப் பாயை விரித்து, வெயில் கொளுத்தும் இந்நேரத்தில் போர்வையும் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாழ்ப்பாளை இரண்டு முறை பார்த்தாயிற்று. ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கத்துக் கடையின் பெஞ்சில், அத்தான் இரண்டு பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா புரளும்போதெல்லாம் பாய் சலசலக்கிறது. அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால், பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்க் குனிந்து பார்க்கிறேன்.