பூஜை போட்ட வண்டி

திருப்பதியில் மணிவேலின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்கு ஒரு பெயர் உண்டு. வேலை முடிந்து பூஜை போட்டுவிட்டால் அந்த வண்டியில் அவன் மறுபடி ஸ்பானர் வைக்கமாட்டான். வைக்க வேண்டிய தேவையே வராதாம்! நகரியில் தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவனுக்கு இத்தனை ஜம்பம் எங்கிருந்து வந்ததோ.

அந்தப் பெருமையைக் கேட்டுத்தான் நாகபூஷணம் தன்னுடைய 1956 மாடல் காரைக் கொண்டுவந்து விட்டார். மகள் ஹரிதாவுக்குச் சித்தூரில் கல்யாணம். இந்தக் காரில்தான் அவளை அழைத்துப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மணிவேல் பழைய வயரிங்கைச் சரிசெய்து, அந்தக் காலத்தில் தனியாக வாங்கி மாட்டிய பனி விளக்கையும் எரியவைத்தான். ஹரிதா பாட்டும் வேண்டும் என்றாள். அங்கேதான் சிக்கல். அந்தக் காரில் பேட்டரியின் பிளஸ் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய ஸ்டீரியோவுக்கு மைனஸ் சேர்ந்திருக்க வேண்டும். பேட்டரி வயர்களை மாற்றிப் போட்டான். பாட்டு கணீரென்று வந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பேட்டரியைத் திருப்பினால், அதற்கு கரண்ட் ஏற்றும் டைனமோவையும் ஒரு வயரால் நொடிநேரம் தொட்டுக் காட்டி, கரண்ட் வரும் திசையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் வேகமெடுத்ததும் இரண்டும் மல்லுக்கு நின்று வயர் பற்றிக்கொள்ளும். சின்ன வேலைதானே, டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனான். திரும்பி வந்தால் கற்பூரம் எரிகிறது, தேங்காய் உடைந்து கிடக்கிறது, ஹரிதா பட்டுப்புடவையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், ஒரு நிமிஷம் பானெட்டைத் தொறக்கணும்."

"பூஜை போட்டாச்சுப்பா! ராகு காலம் வந்துக்கினு இருக்குது," என்றார் நாகபூஷணம். "பூஜைக்கு அப்பறம் ஸ்பானரே வெக்கமாட்டேன்னு சொன்னவன் நீதானே? பொண்ணு குந்திக்கினு இருக்கறப்ப அபசகுனமா எதுனா சொல்லாத. வாய மூடு."

வேனில் ஏறிக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள். மணிவேலும் சிரித்துத் தொலைத்தான். நாகபூஷணமே ஓட்ட, கார் கிளம்பிவிட்டது, வேனும் பின்னாலேயே போனது.

சிரிப்பு அடங்கியதும் போன் போட்டான், நாகபூஷணம் எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். ஊருக்குள் நெரிசலில் கார் ஊர்ந்துதான் போகும், அது ஒன்றுதான் நம்பிக்கை. வேகமெடுக்க விடாதே சாமி என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டான். சந்திரகிரி ரோட்டில் நெரிசல் விட்ட இடத்தில் கார் கண்ணில் பட்டது. பானெட் இடுக்கில் புகை.

"நிறுத்துங்க சார்! எறங்குங்க!"

ஹரிதா இருமிக்கொண்டே இறங்கினாள். மணிவேல் சுடச்சுட பானெட்டைத் தூக்கி, கட்டிங் பிளேயரால் பேட்டரி வயரை வெட்டினான். உள்ளங்கை வெந்துபோனது.

நாகபூஷணம் கருகிய வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்பத்தான் நெனப்பு வந்துச்சா உனக்கு?"

அவரே எடுத்துக் கொடுத்த சாக்கு. ஆமாம் என்றால் போதும், கடையின் பெயர் தப்பித்துவிடும். மணிவேலுக்கு ஹரிதாவின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"இல்ல சார். தேங்கா ஒடைச்சப்பவே தெரியும்."

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தான். அவரோ மகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் வாய மூடுன்னா நீ மூடிக்குவியா? உள்ள உம் பொண்ணு இருந்தா மூடிக்கினு இருப்பியா?"

அவரும் ஏறிக்கொள்ள, வேன் கிளம்பிப் போனது. பூமாலை போட்ட காரின் பக்கத்தில் ரோட்டோரமாக உட்கார்ந்து மணிவேல் அழுதான்.